ஆர்.சி. புக்கில் யார் பெயர்?

கோயம்புத்தூரில் என் அத்தை வீட்டு போர்டிகோவில் இருபத்து மூன்று வருடம் ஒரு ஃபியட் நின்றது. 1976இல் எடுத்த வண்டி. அப்போதெல்லாம் காருக்கு முன்பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அத்தை கல்லூரியில் வேதியியல் பாடம் எடுத்தவர். பி.எஃப்.பில் கடன் போட்டு, ஒரு ஜோடி வளையலையும் விற்று அந்த வண்டியை எடுத்தார். மாமாவுக்கு ஓட்டத் தெரியாது, கடைசி வரை கற்றுக்கொள்ளவும் இல்லை. காலேஜுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு, ஊட்டிக்கு என்று எங்கே போனாலும் ஸ்டியரிங்கில் அத்தைதான். நான் கியர் போடப் பழகியதும் அதில்தான். ஸ்டியரிங் பக்கத்திலேயே நீட்டிக்கொண்டிருக்கும் கியர் ராடு, காலையில் இழுத்துவிட வேண்டிய சோக், காற்றுக்காகத் திருப்பிவைக்கும் முக்கோணக் கண்ணாடி எல்லாம் இன்னும் கைக்கு ஞாபகம் இருக்கிறது.

மாமா போன மறுவருடம் வண்டியை விற்க முடிவானது. புரோக்கர் ஆர்.சி. புக்கைக் கேட்டார். பிரித்துப் பார்த்தால் மாமா பெயர். அப்புறம் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பிள்ளைகளின் சம்மதக் கடிதம் என்று இரண்டு மாதம் அலைந்தோம். தன் சம்பளத்தில் வாங்கி, தானே ஓட்டிய வண்டியை விற்க, அத்தை இறந்தவரின் வாரிசாகக் கையெழுத்துப் போட்டார். நான் கோபப்பட்டேன். அத்தை படவில்லை. "அன்னிக்கு ஆம்பளை பேர்ல இருந்தாத்தான் நல்லாருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க கண்ணு, நானும் சரின்னுட்டேன்" என்றார்.

அந்த ஃபியட்டின் பூர்வீகம் இத்தாலி. ஃபியட் 1100 என்ற வண்டியைத்தான் பம்பாயில் செய்து நமக்கு விற்றார்கள். அந்தப் பிடிப்பில் இத்தாலிய வண்டிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்து, மெல்ல அங்கிருந்த பந்தயக் கார்களுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆல்ஃபா ரோமியோ, மஸராட்டி, ஃபெராரி. பழைய புகைப்படம் எதைப் பார்த்தாலும், பக்கத்தில் ஒரு பெண் நின்றால், எனக்கு உடனே தோன்றும் கேள்வி ஒன்றுதான். இது யார் வண்டி? இவர் படத்துக்கு நிற்கிறாரா, சாவி இவர் கையில் இருக்கிறதா?

இங்ரிட் பெர்க்மனின் ஃபெராரியில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தக் காருக்கு அவர் பெயரே இருக்கிறது. ஹாலிவுட்டில் உச்சத்தில் இருந்தபோது ரோபெர்தோ ரோசெலினியின் படத்தில் நடிக்க இத்தாலி போனவர் பெர்க்மன். 1950இல் இருவரும் மணந்துகொண்டார்கள். ரோசெலினிக்குக் கார்ப் பித்து, அதிலும் ஃபெராரிப் பித்து. 1954இல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில், கார்களுக்கு உடம்பு வடிவமைக்கும் இத்தாலியக் கம்பெனியான பினின்ஃபரீனா ஒரு ஃபெராரி 375 எம்.எம். வைத்தது. நாலரை லிட்டர், பன்னிரண்டு சிலிண்டர், பந்தயத்துக்கென்று செய்த எஞ்சின். அதன் மேல் அதுவரை யாரும் பார்க்காத ஒரு கூபே உடம்பு, அதாவது இரண்டு கதவு, மூடிய கூரை. ரோசெலினி பெர்க்மனுக்காகச் சொல்லிச் செய்த வண்டி என்பார்கள். அதன் நிறம் சாம்பலில் லேசாகப் பொன் கலந்த மாதிரி இருக்கும். அந்த நிறத்துக்கு 'கிரிஜோ இங்ரிட்', அதாவது இங்ரிட் சாம்பல் என்றே பெயர். பல வருடம் கழித்து ஃபெராரி தன் புது வண்டிகளுக்கும் அந்தப் பெயரில் அந்த நிறத்தைக் கொடுத்தது.

இவ்வளவு இருந்தும், அந்தக் காரைப் பெர்க்மன் தன் வண்டியாக எடுத்து ஓட்டவே இல்லை என்றுதான் ஃபெராரி வரலாற்றைத் தோண்டியவர்கள் எழுதுகிறார்கள். நிறம் அவருடையது, பெயர் அவருடையது. ரோட்டில் அந்தக் காரும் அவரும் சேர்ந்து போன கதை மட்டும் இல்லை. எனக்கு இதில் பெர்க்மன் மேல் ஒரு குறையும் கிடையாது. ஃபெராரி வேண்டும் என்று அவர் கேட்டாரா என்பதே எனக்குச் சந்தேகம். 1953இல் ரோசெலினி மில்லே மில்யா பந்தயத்தில் இறங்கினார். பிரேஷியாவில் புறப்பட்டு, ரோம் வரை வந்து, மறுபடி பிரேஷியாவுக்கே திரும்புகிற சுமார் 1500 கிலோமீட்டர் பந்தயம் அது. மூடாத ரோடு, ஓரத்தில் ஜனக்கூட்டம். பெர்க்மன் ரோமில் பதறிக்கொண்டு நின்றிருந்தார். ரோசெலினி அங்கே வண்டியை நிறுத்தினார், மேலே போகவில்லை. பந்தயக் கார் என்றால் பெர்க்மனுக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் காத்திருப்பாகத்தான் இருக்கும். அப்படிப்பட்டவருக்கு அன்போடு கொடுக்கப்பட்டது ஒரு பந்தய எஞ்சின். 1957இல், ரோசெலினி இந்தியாவில் படம் எடுத்துக்கொண்டிருந்த சமயத்தில், அந்தத் திருமணமும் முறிந்தது.

இதே குடும்பத்தில் இன்னொரு பெண் இருந்தார் என்று தெரிந்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மரியா அந்தோனியெத்தா அவான்ஸோ. ரோசெலினியின் அம்மாவுடைய உடன்பிறப்பு. 1889இல் போ நதி முகத்துவாரப் பக்கம் பிறந்தவர், பரோன் என்ற பிரபுப் பட்டம் உள்ள ஒருவரை மணந்து பரோனெஸ் ஆனவர். அவருடைய முதல் ஸ்போர்ட்ஸ் காரைக் கணவர்தான் வாங்கிக் கொடுத்தார். ஆக, காகிதக் கணக்குப் பார்த்தால் அவர் கதையும் பெர்க்மன் கதையும் ஒன்றுதான் என்று சொல்லிவிடலாம். நான் சொல்ல மாட்டேன். பரோனெஸ் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு 1920இல் ரோமைச் சுற்றி நடந்த பந்தயத்துக்குப் போய், தன் பிரிவில் ஜெயித்து வந்தார்.

இதற்கு ஒரு வருடம் முன்னால், 1919 ஜூலையில், இத்தாலியில் ஒரு சட்டம் மாறியிருந்தது. அதுவரை கல்யாணமான பெண் தன் சொந்தச் சொத்தை விற்கவோ அடகு வைக்கவோ கணவனின் அனுமதி வேண்டும். அதை அந்த வருடம்தான் எடுத்தார்கள். அவான்ஸோ பந்தயத்துக்கு வந்த காலத்தை இதோடு சேர்த்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அவர் தலைமுறைப் பெண்கள் "இது என் வண்டி" என்று சட்டப்படி முழுசாகச் சொல்ல முடிந்ததே அப்போதுதான்.

அப்புறம் அவர் ஆல்ஃபா ரோமியோவுக்கு ஓட்டினார். அதே காலத்தில் அங்கே ஓட்டிக்கொண்டிருந்த இளைஞர்களில் ஒருவர் என்ஸோ ஃபெராரி, பின்னாளில் ஃபெராரி கம்பெனியைத் தொடங்கியவர். அவான்ஸோவிடம் பன்னிரண்டு சிலிண்டர் பாக்கார்ட் ஒன்று இருந்தது, அமெரிக்க வண்டி. 1921இல் டென்மார்க்கின் ஃபானோ தீவில் கடற்கரை மணலில் நடந்த பந்தயத்தில் அது தீப்பிடித்துக்கொண்டது. அவர் ஸ்டியரிங்கைத் திருப்பி நேராகக் கடலுக்குள் விட்டு அணைத்தார் என்கிறார்கள். என்ஸோ ஃபெராரி பின்னாளில் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றதற்கு விதை, முதல் உலகப்போருக்குப் பிறகு அவர் பார்த்த பாக்கார்ட் வண்டிகள். பெர்க்மன் பெயரில் நிறம் கொண்ட அந்தக் காருக்குள் இருந்ததும் பன்னிரண்டு சிலிண்டர்தான். அக்கா தங்கை உறவு வழியாக எங்கேயோ சுற்றி அந்த எஞ்சின் அந்தக் குடும்பத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

ஃபெராரியைத் தன் காசில் வாங்கி, தானே பந்தயத்துக்கு எடுத்துப்போன பெண் வேண்டும் என்றால் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். டெனிஸ் மெக்லக்கேஜ், கான்ஸஸ்காரர், பத்திரிகையாளர். நியூயார்க்கில் நாளிதழுக்கு எழுதிக்கொண்டிருந்தவர். இண்டியானாபோலிஸ் பந்தயத்தைப் பற்றி எழுதப் போனால் பெண் என்பதால் வண்டிகளைப் பழுது பார்க்கும் பிட் பகுதிக்குள்ளே விடமாட்டார்கள், வேலிக்கு வெளியே நின்று குறிப்பெடுக்க வேண்டும். 1971 வரை அங்கே அந்தத் தடை இருந்தது. அப்படி வெளியே நிறுத்தப்பட்டவர் வேறு மைதானங்களில் ஓட்டுநராக உள்ளே நுழைந்தார். வெள்ளை ஹெல்மெட், அதில் ரோஸ் நிறப் பொட்டுகள். அவருடைய ஃபெராரி 250 ஜிடி, நீளம் குறைந்த சேசிஸ் கொண்ட வகை. ரோட்டிலும் ஓடும், நம்பர் ஒட்டினால் அதே வண்டி பந்தயத்திலும் ஓடும். இன்று ஏலத்துக்கு வந்தால் கோடிகளில் போகும்.

1961இல் ஃப்ளோரிடாவின் செப்ரிங்கில் நடந்த பன்னிரண்டு மணி நேரப் பந்தயத்துக்கு அந்த வண்டியைக் கொண்டுபோனார். பழைய விமானத் தளத்தின் கான்கிரீட் பலகைகள் மேல் ஓடுகிற தடம் அது, ஒவ்வொரு இணைப்பிலும் வண்டி எகிறும். கூட ஓட்ட அவர் அழைத்துப்போனது ஆலன் ஈகர் என்ற ஜாஸ் கலைஞரை, சாக்ஸபோன் வாசிப்பவர். இந்த ஜோடி, ரோட்டிலும் ஓடக்கூடிய கார்களுக்கான ஜிடி பிரிவில் முதலிடம், மொத்தத்தில் பத்தாவது. கம்பெனிகள் அனுப்பிய பெரிய பெரிய அணிகளுக்கு நடுவில் ஒரு பத்திரிகைக்காரப் பெண்ணின் சொந்த வண்டி. அமெரிக்காவில் பெண் என்பதற்காகக் கடன் தர மறுக்கக் கூடாது என்று வங்கிகளுக்குச் சட்டம் வந்தது 1974இல்தான். இந்த இரண்டு வருடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துப் பார்த்தால்தான் அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குப் புரிகிறது.

மரியா தெரேசா தெ ஃபிலிப்பிஸைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்கு அலுக்காது. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் பெண். 1926இல் நேபிள்ஸில், வசதியான பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். அண்ணன்மார் இருவர், உன்னால் வேகமாக ஓட்ட முடியாது என்று பந்தயம் கட்டினார்கள். தங்கை ஒரு குட்டி ஃபியட் 500ஐ எடுத்துக்கொண்டு சலேர்னோவில் இருந்து காவா தெய் தீர்ரேனி வரை நடந்த போட்டியில் கலந்துகொண்டு ஜெயித்தார். அப்போது அவருக்கு 22 வயது. அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. 1954இல் இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் சாம்பியன்ஷிப்பில் இரண்டாவது இடம். அடுத்து மஸராட்டிகள். 1958இல் மஸராட்டி 250எஃப்.

இந்த 250எஃப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டரை லிட்டர், நேர்வரிசையில் ஆறு சிலிண்டர், எஞ்சின் முன்னால். நீண்ட மூக்கு, கடைசியில் வட்டமாகச் சுருங்கும் வால். அர்ஜென்டினா ஓட்டுநர் ஃபாஞ்ஜியோ 1957இல் உலக சாம்பியன் ஆனது இந்த வகை வண்டியில்தான். சீட் பெல்ட் கிடையாது, தலைக்கு மேல் எந்தத் தடுப்பும் கிடையாது. கீழே பார்த்தால் பெடல்கள். இடது ஓரம் கிளட்ச், அது நமக்குத் தெரிந்ததுதான். நடுவில் இருப்பது பிரேக் இல்லை, ஆக்ஸிலரேட்டர். பிரேக் வலது ஓரத்தில். ஒருநாள் நம் வீட்டுக் காரில் உட்கார்ந்து கற்பனை செய்து பாருங்கள். திடீரென்று ஒரு நாய் குறுக்கே ஓடினால் உங்கள் வலது கால் எங்கே போகும்? இத்தனை வருடமும் பிரேக் என்று பழகிய இடத்தில் போய் அழுத்தும், வண்டி பாய்ந்து முன்னால் போகும்.

இதைப் போன பொங்கலுக்கு அத்தையிடம் சொன்னேன். இப்போது எண்பத்து நான்கு வயது, ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லச் சொல்லக் கால்கள் இரண்டும் தரையில் மெல்ல நகர ஆரம்பித்தன. இடது கால் ஒருமுறை அழுந்தியது. வலது பாதம் நடுவில் வந்து, கொஞ்சம் யோசித்து, வலது பக்கமாக விலகியது. மறுபடி நடுவுக்கு வந்தது. "குதிகாலை நகத்தாம திருப்புனா போதும், ஒரு வாரத்துல பழகிரும்" என்றார். ஊஞ்சல் லேசாக ஆடிக்கொண்டே இருந்தது.

தெ ஃபிலிப்பிஸ் சின்ன உருவம். 'பிலோத்தினோ', குட்டி ஓட்டுநர் என்று செல்லமாகக் கூப்பிடுவார்களாம். அந்தப் பெரிய வண்டியில் உட்கார அவருக்குக் கூடுதல் மெத்தை வைக்க வேண்டியிருந்தது. எந்தக் கம்பெனியின் அணியிலும் அவர் இல்லை, தன் பெயரிலேயே பதிந்து ஓட்டிய தனியார் போட்டியாளர். மொனாக்கோவில் தகுதிச் சுற்றைத் தாண்ட முடியவில்லை. அடுத்து பெல்ஜியம், ஸ்பா. அந்தக் காலத்து ஸ்பா ஒரு சுற்று பதினாலு கிலோமீட்டருக்கு மேல். காட்டுக்கும் கிராமங்களுக்கும் நடுவில் ஓடுகிற சாதாரண ரோடுகள்தான் தடம். வீட்டுச் சுவர்களை உரசுகிற மாதிரி வளைவுகள். இருபத்து நாலு சுற்று. 1958 ஜூன் 15ஆம் தேதி, முதலில் வந்தவரைவிட இரண்டு சுற்று பின்தங்கினாலும், கடைசி வரை ஓட்டிப் பத்தாவதாக வந்தார். பல பேருக்கு எஞ்சின் வழியிலேயே நின்றுபோன நாள் அது. வண்டியைக் கெடுக்காமல், தன்னையும் கெடுத்துக்கொள்ளாமல் கடைசி வரை கொண்டுவருவது என்ன திறமை என்பது, பழைய வண்டியில் ஒருமுறையாவது மலை ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும்.

அடுத்த மாதம் பிரான்ஸ், ரேம்ஸ். அங்கே அவரைச் சேர்க்கவில்லை. பெண் தலையில் போடவேண்டிய ஒரே ஹெல்மெட் முடி திருத்தும் கடையில் இருப்பதுதான் என்று பந்தய நிர்வாகி சொன்னதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பணம் கட்டத் தயார், வண்டி தயார், ஓட்டுநரும் தயார். அனுமதி இல்லை. அதே பந்தயத்தில் லூயிஜி முஸ்ஸோ ஃபெராரி ஓட்டும்போது ரோட்டை விட்டு விலகி இறந்துபோனார். முன்பொரு காலத்தில் தெ ஃபிலிப்பிஸுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவர் அவர்.

ஒரு வருடம் கழித்து, 1959 ஆகஸ்டில், அவருடைய நண்பரும் பந்தய ஓட்டுநருமான ஜான் பேரா பெர்லினில் ஆவுஸ் தடத்தில் விபத்தில் இறந்தார். தெ ஃபிலிப்பிஸ் அதோடு நிறுத்திக்கொண்டார். கல்யாணம், ஒரு மகள். இருபது வருடம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. 1979இல்தான் பழைய ஃபார்முலா ஒன் ஓட்டுநர்களின் சங்கத்துக்கு வந்தார். கடைசிக் காலம் வரை அங்கே பொறுப்புகளில் இருந்தார். 2016 ஜனவரியில் 89 வயதில் இறந்தார். பிற்காலப் படங்களில் வெள்ளை முடியோடு 250எஃப் பக்கத்தில் நின்று சிரிப்பார். வண்டியின் மேல் ஒரு கை இருக்கும், நம் வீட்டு மாட்டின் முதுகில் கை வைப்பது போல.

ஒடெத் சிகோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அடுத்த கதையில் அவரும் வருவார். பிரெஞ்சுக்காரர். 1932இல் லெ மான் இருபத்து நாலு மணி நேரப் பந்தயத்தில் தன் ஆல்ஃபா ரோமியோ 6சி 1750ஐ இன்னொருவரோடு மாறி மாறி ஓட்டி, மொத்தத்தில் நான்காவது இடம் பிடித்தார், இரண்டு லிட்டர் பிரிவில் முதலிடம். லெ மானில் ஒரு பெண் மொத்த வரிசையில் அதைவிட முன்னால் வந்ததில்லை. அடுத்த வருடம் அதே பந்தயத்தில் வண்டி விபத்தில் எரிந்தது, அவர் தப்பினார்.

கடைசியாக எல்லே நீஸ். இவரைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையையே ஆரம்பித்தேன்.

இயற்பெயர் மரியெத் எலேன் தெலாங்ல். 1900 டிசம்பரில் பாரிஸுக்குத் தென்மேற்கே ஒரு சின்ன கிராமத்தில் பிறந்தவர், அப்பா போஸ்ட் மாஸ்டர். பாரிஸுக்குப் போய் நடனக்காரி ஆனார். மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர்தான் எல்லே நீஸ். நல்ல புகழ், நல்ல வருமானம். பனிச்சறுக்கில் முட்டியில் அடிபட்டதும் நடனம் போனது. காரின் பக்கம் திரும்பினார். 1929இல் பாரிஸ் அருகே மோன்லெரியில் பெண்களுக்கான பந்தயத்தில் ஜெயித்தார். அதே வருடம் டிசம்பரில் ஒரு புகாட்டியில் மணிக்கு 197.7 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிப் பெண்களில் உலக சாதனை. அடுத்த வருடம் அமெரிக்கா போய் மண் தடங்களில் வட்டமடித்தார். சிகரெட் கம்பெனி விளம்பரத்துக்குக் காசு கொடுத்தது. மேடையிலும் தடத்திலும் சம்பாதித்த இந்தக் காசுதான் அவருடைய வண்டிகளாக மாறியது. வீட்டுச் சொத்து கிடையாது, பிரபு வம்சம் கிடையாது. அவான்ஸோவிடம் இருந்தும் தெ ஃபிலிப்பிஸிடம் இருந்தும் அவர் வேறுபடும் இடம் இது.

1933இல் ஆல்ஃபா ரோமியோ 8சி 2300 மோன்ஸா வாங்கினார். ஆல்ஃபாவின் பொறியாளர் வித்தோரியோ யானோ வரைந்த எஞ்சின். நேர்வரிசையில் எட்டு சிலிண்டர், ஆனால் நான்கு நான்காக இரண்டு பிளாக். இரண்டுக்கும் நடுவில் பற்சக்கரங்கள் அடுக்கி, அதிலிருந்தே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுகளையும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜரையும் சுழற்றுவார்கள். நீளமான எஞ்சினில் ஒரு முனையில் இருந்து இழுத்தால் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும், நடுவில் இருந்து இழுத்தால் அந்தத் தொல்லை குறையும். முன்பக்க கிரில்லில் வெட்டி வைத்த நீண்ட பிளவுகள் மோன்ஸாவுக்கு அடையாளம். இதிலும் ஆக்ஸிலரேட்டர் நடுவில்தான். இத்தாலிய வண்டிகளுக்குச் சிவப்பு, பிரெஞ்சுக்காரர்களுக்கு நீலம் என்று அன்றைய பந்தய வழக்கம். இவருடைய ஆல்ஃபா நீலத்தில் ஓடியது. இத்தாலிய வண்டி, மேலே பிரெஞ்சு நீலம், ஓட்டுவது ஒரு போஸ்ட் மாஸ்டரின் மகள். அந்தப் படத்தை நான் பல இரவு பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அந்த வருடம் செப்டம்பர் 10ஆம் தேதி இத்தாலியில் மோன்ஸா தடத்தில் அவரும் ஓட்டினார். காம்பாரி, போர்ஸாக்கினி, சைகோவ்ஸ்கி என்று மூன்று பெரிய ஓட்டுநர்கள் ஒரே நாளில் இறந்த நாள் அது. அதைப் பார்த்த பிறகும் அவர் நிறுத்தவில்லை.

1936 ஜூலை, பிரேசிலில் சாவோ பாவ்லோ. நகரத்துத் தெருக்களிலேயே பந்தயம். முன்னணியில் இருந்தவர்களை நெருங்கிக்கொண்டிருந்தார், முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரம். வழியில் ஒரு வைக்கோல் கட்டு. ஆல்ஃபா அதில் மோதி எகிறிக் கூட்டத்துக்குள் விழுந்தது. பார்த்துக்கொண்டு நின்றவர்களில் சிலர் அங்கேயே இறந்தார்கள், முப்பது பேருக்கு மேல் காயம். எல்லே நீஸ் வண்டியில் இருந்து தூக்கி வீசப்பட்டு ஒரு சிப்பாயின் மேல் போய் விழுந்தார். அந்த மனிதரின் உடம்பு தாங்கிக்கொண்டதால் இவர் பிழைத்தார். அந்தச் சிப்பாய் இறந்துபோனார்.

மூன்று நாள் நினைவில்லை. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. பிரேசில்காரர்கள் அவரைப் பழிக்கவில்லை, கொண்டாடினார்கள். பிறந்த பெண் குழந்தைகளுக்கு எலெனிஸ் என்று அவர் பெயரை வைத்தார்கள். ஆனால் அந்தப் பழைய ஓட்டம் திரும்ப வரவில்லை. 1937இல் மோன்லெரியில் ஒரு எண்ணெய்க் கம்பெனி நான்கு பெண்களை வைத்துப் பத்து நாள் இரவும் பகலும் ஒரே காரை ஓட்டச் செய்து சாதனைகள் பதிந்தது. அணித் தலைவி ஒடெத் சிகோ, நால்வரில் ஒருவர் எல்லே நீஸ். கை நடுங்கவில்லை என்று தனக்கே காட்டிக்கொள்ளத்தான் போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

அப்புறம் போர். 1949இல் மான்டி கார்லோவில், ரேலியை ஒட்டி நடந்த ஒரு விருந்தில், பெயர்பெற்ற ஓட்டுநர் லூயி ஷிரோன் எல்லோர் முன்னிலையிலும் இவரைப் பார்த்து, நீ கெஸ்டாபோவின், அதாவது நாஜி ரகசியப் போலீஸின் ஆள் என்று சத்தம் போட்டார். ஆதாரம் எதுவும் அன்றும் காட்டப்படவில்லை, பின்னால் தேடியவர்களுக்கும் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்துப் பிரான்சில் அந்த ஒரு வார்த்தை போதும். விளம்பரம் கொடுத்தவர்கள் விலகினார்கள், நண்பர்கள் விலகினார்கள், குடும்பமும் விலகியது. சக ஓட்டுநர் ஒருவர்கூட எழுந்து "ஆதாரம் எங்கே" என்று கேட்கவில்லை என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஸ்பாவில் பதினாலு கிலோமீட்டர் சுற்றுக்கு வேண்டிய தைரியத்தைவிடக் குறைவான தைரியம் போதும் அதற்கு.

வண்டிகள் போயின, வீடு போனது. நீஸ் நகரத்தில் ஒரு மோசமான மாடி அறையில் வேறு பெயரில் வாழ்ந்தார். பழைய மேடைக் கலைஞர்களுக்கு உதவும் ஒரு பாரிஸ் அறக்கட்டளைதான் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பணம் அனுப்பியது. அந்த அமைப்பின் பெயர் 'லா ரூ தூர்ன்'. சக்கரம் சுழல்கிறது என்று பொருள். காசு இல்லாத அந்த அறையிலும் பத்திரிகைத் துணுக்குகளையும் புகைப்படங்களையும் அவர் விடவில்லை. நீல ஆல்ஃபாவை இன்று நாம் பார்க்க முடிகிறது என்றால் அந்தத் துணுக்குகளுக்கும் அதில் பங்கு உண்டு.

1984 அக்டோபரில் இறந்தார். சாம்பலை அறக்கட்டளைக்காரர்கள் பாரிஸுக்குத் தென்மேற்கே சான்த்-மெம் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். அவருடைய பெற்றோர் அடக்கமாகியிருந்த இடம். அந்தக் கல்லறைக் கல்லில் குடும்பத்தாரின் பெயர்கள் இருந்தன. எல்லே நீஸ் என்றோ, மரியெத் எலேன் என்றோ எதுவும் பொறிக்கவில்லை. அப்படியே 26 வருடம் கிடந்தது. 2010இல், அவர் மேல் அன்பு வைத்த சிலர் சேர்ந்து, அங்கே அவர் பெயரோடு ஒரு பலகை பதித்தார்கள்.